மோட்டார் முறை

பச்சைப் பொத்தானை அழுத்தியாயிற்று. ஆறு பன்னிரண்டு. மாடிப்படிக்கு அடியில் மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டுச் சீராக ஓட ஆரம்பிக்கிறது. மேல்தொட்டி நிரம்ப நாற்பது நிமிஷம், மின்சாரம் மந்தமாக வந்தால் ஐம்பது. அதுவரை இந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன். நகர்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. இந்த அடுக்ககத்தில் ஆறு வீடு, வீட்டுக்கு இரண்டிரண்டு நாள் மோட்டார் முறை; மற்றவர்கள் போட்டுவிட்டு மேலே போய்க் காப்பி குடித்து, பின்சுவர்க் குழாயில் தண்ணீர் வழிகிற சத்தம் கேட்டதும் மெதுவாக இறங்கி வந்து நிறுத்துகிறார்கள். என்னால் அப்படிச் செய்ய முடியாது. பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய இந்தத் தெருவில் பாதி வீடுகளில் மாணவர்கள்தான் இருக்கிறார்கள், ஆனால் இந்தக் கட்டடத்தில் குடும்பமில்லாத வீடு எங்களுடையது ஒன்றுதான். இரண்டாம் மாடி, 202. நானும் சகாயமும். நான் சமூகவியலில் ஆய்வு மாணவன், அவன் இயற்பியலில். சுவரில் ஆணியடித்துச் சணல் கயிற்றில் ஒரு நோட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்: தேதி, போட்ட நேரம், நிறுத்திய நேரம், பெயர். இன்றைய வரியில் தேதியும் நேரமும் எழுதிவிட்டேன். பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது. அட்டவணைப்படி இன்று சகாயத்தின் முறை. சகாயம் மேலே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். எட்டு மணிக்கு வண்டி வருகிறது. குடியிருப்போர் சங்கம் அவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டது, அவன் செய்யாத ஒன்றுக்காக, நான் செய்த ஒன்றுக்காக. இந்த வாக்கியம் மனசுக்குள் எவ்வளவு சுத்தமாக வருகிறது. எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக இருக்கிறது. வாய்க்கு வரும்போதுதான் எங்கோ சிக்கிக்கொள்கிறது. பன்னிரண்டு நாளாகச் சிக்கிக்கொண்டே இருக்கிறது.

ஆறு பதினாறு. நான்கு நிமிஷம்தான் போயிருக்கிறது. அன்றைக்கும் சகாயத்தின் முறை. முந்தின நாள் லேசர் கருவி பழுதாகி, அதோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து செத்த மாதிரி தூங்கினான். நான்தான் சொன்னேன், நீ தூங்கு, நான் போட்டுக்கறேன் என்று. போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கும்பிட்டது. கீழே வந்தேன், போட்டேன், நோட்டில் சகாயம் என்று எழுதினேன். ஏன் அவன் பெயரை எழுதினேன்? அட்டவணையில் அவன் பெயர் இருந்தது. நோட்டும் அட்டவணையும் ஒத்துப்போகவில்லை என்றால் செயலாளர் தாமோதரன் சார் போன் பண்ணி, ஏன் தம்பி, இன்னைக்கு அவர் முறைதானே, நீங்க ஏன் எழுதியிருக்கீங்க என்று கேட்பார். அப்படி ஒருமுறை கேட்டார். அதிலிருந்து யார் போட்டாலும் முறைக்காரன் பெயரை எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். என் முறையில் அவன் போட்டு, மணவாளன் என்று என் பெயரை எழுதிய நாட்களும் இருக்கின்றன. ஆகவே ஆறு மணிக்கு அது பொய்யில்லை. எட்டேகாலுக்குத்தான் பொய்யாயிற்று. அலாரம் அடித்தது. அடிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் அடித்தது. நான்தான் நிறுத்தினேன். நெறியாளரிடமிருந்து மூன்றாம் இயல் திருத்தங்களோடு வந்திருந்தது, முதல் பக்கத்திலேயே சிவப்பில் 'இது யார் சொன்னது?' என்று எழுதியிருந்தார். நான் சொன்னதுதான். வாரச்சந்தைகளில் கடை போடும் பெண்களைப் பற்றி நானே யோசித்து எழுதிய வரி. அதை யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் நினைத்தது பாராட்டா, சந்தேகமா? அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுக் கீழே போகலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு பத்தி, இன்னொரு பத்தி. நன்றாக வந்தது. பிறகு வெளியே சடசடவென்று சத்தம். மழை என்று நினைத்தேன். மழை பெய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை, மறந்ததைக்கூட அல்ல, அந்தச் சந்தோஷத்தை. மொட்டைமாடியில் வழிகுழாய் வாயைச் சருகு அடைத்து, தண்ணீர் தளம் முழுக்க நிறைந்து, லிஃப்ட் அறைக் கதவுக்கு அடியில் புகுந்து, லிஃப்ட் இயந்திரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, மழைக்கு என்ன அருமையாக எழுத வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்ட் ஒன்பது நாள் ஓடவில்லை. மூன்றாம் மாடியில் சுலோச்சனா டீச்சர் தனியாக இருக்கிறார்கள். முட்டி அறுவை செய்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஒவ்வொரு படியாக, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி ஏறுவார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்குவார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். திறந்து, உட்காருங்க டீச்சர் என்று ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். ஒருநாள் போட்டேன். உட்கார்ந்தார்கள். நீயாவது இருக்கியேப்பா என்றார்கள். மறுநாளிலிருந்து கதவைத் திறக்கவில்லை. ஆறு இருபத்திரண்டு. மோட்டார் ஓடுகிறது. பின்சுவரில் சத்தமில்லை. போய்ப் பார்க்கட்டுமா? வேண்டாம், இங்கிருந்தே கேட்கும். போய் வருவதற்குள் இங்கே ஏதாவது ஆகிவிட்டால்? என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. ஆனாலும் நிற்கிறேன். கார் நிறுத்துமிடத்தில்தான் சங்கக் கூட்டம் நடந்தது, அதோ அந்த வெள்ளைக் கார் நிற்கிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு. நாங்கள் இருவரும் தூணோரம் நின்றோம். தாமோதரன் சார் நோட்டைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "சகாயம்னு போட்டிருக்கு" என்றார். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் நோட்டைப் பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும், நான் 'ச' எழுதினால் கொம்பு முளைத்த மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணுகிறவன். பிறகு என்னைப் பார்த்தான். எவ்வளவு நேரம்? ஒரு நொடி இருக்கும். அந்த ஒரு நொடியை நான் இந்தப் பன்னிரண்டு நாளும் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சொல்லு என்றானா, சொல்லாதே என்றானா, நீயா என்றானா, அல்லது வெறுமனே பார்த்தானா? "இனிமே பாத்துக்கிடுதோம் சார்" என்றான். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் முதல் மாடிக்காரர் ஒருவர், "முடியப் பாருங்க சார், இவனெல்லாம் படிக்கிற பையன் மாதிரியா இருக்கான்" என்றார். இன்னொருவர், ராத்திரி குளிக்கும்போது பாட்டு என்றார். ஒருவர் சொன்னதும் மற்றவருக்கு ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றிப்போடும் விதம், சிரிக்கும் சத்தம், மீன் வாசம். மோட்டாரை எல்லோரும் மறந்தே போனார்கள். கடைசியில் தாமோதரன் சார் என்னைக் காட்டி, "இந்தத் தம்பி இருந்துக்கட்டும், அமைதியான பையன்" என்றார். நான் தலையாட்டினேன். ஆட்டினேனா? ஆட்டியிருக்கிறேன். கழுத்துக்கு அது தெரிகிறது.

அமைதியான பையன். இந்த அமைதி எங்கே கற்றது என்று அவருக்குத் தெரியாது. இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷத்தில் நான் பார்த்த வீடுகள். விடுதியில் மூன்று வருஷத்துக்கு மேல் கிடையாது என்று சொன்னபிறகு பார்க்க ஆரம்பித்தவை. எல்லாரும் நல்லவிதமாகத்தான் பேசுவார்கள். முதலில் சொந்த ஊர் எது என்பார்கள். திருக்கோவிலூர் பக்கம் என்பேன். பக்கம்னா? ஊர்ப் பெயரைச் சொல்வேன். ஊர்லயே எந்தத் தெரு? அந்த இடத்தில் எனக்கு நாக்கு ஒரு நிமிஷம் தடுக்கும். தடுக்கிற அந்த நிமிஷமே அவர்களுக்குப் பதில். ஒருவர் ஆதார் நகலோடு சாதிச் சான்றிதழ் நகலும் கேட்டார், வாடகை ஒப்பந்தத்துக்கு எதற்கு சார் என்றேன், எல்லாம் ஒரு பதிவுக்குத்தான் என்றார். ஒரு வீட்டில் காப்பி கொடுத்தார்கள், அவருக்கு டம்ளரில், எனக்குக் காகிதக் கோப்பையில். குடித்துவிட்டு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டேன். மறுநாள் போனில், சொந்தக்காரங்க வராங்க தம்பி, வீடு இல்லை. 202-இன் உரிமையாளர் பஹ்ரைனில் இருக்கிறார். போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், சிகரெட் பிடிப்பீங்களா என்று. இல்லை சார் என்றேன். சாவி சகாயத்திடம் இருக்கு, வாங்கிக்குங்க என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு நான் தெருவில் நின்று அழுதேன் என்று சொன்னால் மிகையாக இருக்கும், அழவில்லை, ஒரு பழக்கடையில் நின்று ஆரஞ்சுப் பழங்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் அம்மாவுக்கு வீட்டைக் காட்டினேன். குழாயைத் திறந்து காட்டச் சொன்னாள். லிஃப்டில் ஏறினால் தலை சுற்றுமா என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான்தான், நான் எதைச் சொன்னாலும் அவர்களுக்கு அதுதான் உலகம். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருக்கிறது. மூன்று வாரம். இப்போது உண்மையைச் சொன்னால் அவன் இருப்பான், நான் போக வேண்டும். மூன்று வாரத்துக்குள் மறுபடியும் வாசல் வாசலாக நின்று, மறுபடியும் எந்தத் தெரு.

அவனுக்குப் பாலக்கரையில் மாமா வீடு இருக்கிறது. இருக்கிறதுதானே? இதைத்தான் நான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மருந்தை வேளாவேளைக்கு விழுங்குகிற மாதிரி. அவனுக்கு இடமிருக்கிறது, எனக்கில்லை. அது கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை அவனல்லவா போட வேண்டும்? ஒருவேளை அவனே போட்டுவிட்டானோ? அதனால்தான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லையோ? அப்படியானால் அவன் கொடுக்கிறதை நான் வாங்கிக்கொள்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் கொடுக்கிறேன் என்று அவன் சொல்லவில்லையே. சொல்லாத ஒன்றை வாங்கிக்கொண்டால் அதற்கு வேறு பெயர். இந்தப் பன்னிரண்டு நாளும் நாங்கள் பேசாமலில்லை. பருப்பு தீர்ந்துபோச்சு என்கிறான், உன் மூணாம் இயல் முடிஞ்சுதா, இல்ல இன்னும் சந்தைக்கே போகலையா என்கிறான். சிரிக்கிறான். ஆனால் குளிக்கும்போது பாடுவதில்லை. நேற்றுச் சாயங்காலம் அவன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கியபோது நான் கயிறு பிடித்துக்கொடுத்தேன். "இறுக்கிப் பிடில" என்றான். பிடித்தேன். அவ்வளவு பக்கத்தில் இருந்தோம், இரண்டு முகத்துக்கும் நடுவில் ஒரு முடிச்சுதான். சகாயம், நான் சொல்லிடறேன் என்று ஆரம்பிக்க நினைத்தேன். சகாயம், நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சகாயம், ஒண்ணு சொல்லணும். இப்படி எத்தனையோ முதல் வாக்கியங்கள் வைத்திருக்கிறேன், ஒன்றுக்கும் இரண்டாம் வாக்கியமில்லை. ஆறு முப்பத்தைந்து. மேலே ஏதோ இழுக்கிற சத்தம். கட்டிலாக இருக்கும். இல்லை, கட்டில் வீட்டுக்காரருடையது. பெட்டி.

லிஃப்ட் கதவு திறக்கிறது. சுலோச்சனா டீச்சர். ஒரு கையில் தடி, இன்னொரு கையில் பால் வாங்கப் பை. அவர்களைக் கண்டதும் நான் அனிச்சையாக மோட்டாரைப் பார்க்கிறேன், அதுதான் ஏதோ தப்பு செய்ததைப்போல.

"என்னப்பா, காவலுக்கு நிக்கிறியா? போட்டுட்டு மேல போக வேண்டியதுதானே."

"இல்ல டீச்சர், பாத்துக்கிட்டே இருந்தா நல்லதுன்னு."

"உன்னை மாதிரி எல்லாரும் பொறுப்பா இருந்தா அன்னிக்கு அப்படி ஆகியிருக்குமா? அந்த முடி வச்ச பையன் இன்னிக்குக் கிளம்பறானாமே. நேத்து படியில வந்தான், குட் மார்னிங் டீச்சர்ன்னான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். முப்பத்தொரு வருஷம் பசங்களோட இருந்தவ, ஒரு பையன்கிட்ட அப்படிப் பண்ணதில்ல. ஆனா என்ன பண்றது, என் முட்டி எனக்கு."

சொல்லிவிட்டு நகர்கிறார்கள். ஒரு அடி, தடி, ஒரு அடி. வாசல் வரை பதினைந்து அடி இருக்கும். குட் மார்னிங் சொன்னானா? அதை என்னிடம் சொல்லவில்லையே. அவர்கள் முகத்தைத் திருப்பியதும் அவன் படியில் எப்படி நின்றிருப்பான், ஏறியிருப்பானா, இறங்கியிருப்பானா, வீட்டுக்குள் வந்து பருப்பு தீர்ந்துபோச்சு என்று சொன்னது அதற்குப் பிறகா? நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றுமே வரவில்லை. வேறு ஏதோ வருகிறது.

"டீச்சர். அன்னைக்கு மோட்டார் போட்டது நான்."

மோட்டார் சத்தத்தில் கேட்கவில்லையோ? நிற்கிறார்கள். கேட்டிருக்கிறது. திரும்ப அவர்களுக்கு நேரமாகிறது, முதலில் தடி, பிறகு கால், பிறகு முகம்.

"அவன் பேர்ல எழுதியிருந்ததே."

"எழுதுனதும் நான்தான். முறை அவனோடது. அவன் தூங்கிட்டிருந்தான். நான் மறந்துட்டேன்."

"சரி, அது போகட்டும். மீட்டிங்ல நின்னியே. அப்ப?"

வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட மாதிரி கை இரண்டும் தானாக ஒட்டிக்கொள்கின்றன. "பயமா இருந்துச்சு டீச்சர்."

"எதுக்குப் பயம்? அடிச்சா போடப் போறாங்க?"

"காலி பண்ணச் சொல்லுவாங்க. எனக்கு வேற வீடு கிடைக்காது."

"ஏன் கிடைக்காது? யுனிவர்சிட்டியைச் சுத்தி ஊரு பூரா வீடு, உனக்கு மட்டும் என்ன..."

நிறுத்திவிட்டார்கள். நடு வாக்கியத்தில். என்னைப் பார்க்கிறார்கள், இதுவரை பார்க்காத ஒருவனைப்போல. இதோ கேட்கப் போகிறார்கள், எந்த ஊர், எந்தத் தெரு, என்று என் தோள் இறுகுகிறது. கேட்கவில்லை. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார்கள். கேட்காததும் ஒரு விதத்தில் கேட்டதுதான். அவர்கள் முகம் லேசாகச் சிவக்கிறது, அது என்மேல் கோபமா, தன்மேல் ஏதோவா, எனக்குத் தெரியவில்லை. அதை அவர்கள் முகத்தில் படிக்க எனக்கு உரிமையிருக்கிறதா என்றும் தெரியவில்லை.

"அந்தப் பையன் பேரு என்ன?"

"சகாயம், டீச்சர்."

"மேல இருக்கானா?"

"இருக்கான்."

"தாமோதரன்கிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." பால் வாங்கப் போகவில்லை. லிஃப்டுக்குத் திரும்புகிறார்கள். கதவு மூடுகிறது.

ஆறு நாற்பத்தாறு. பின்னாலேயே ஓட வேண்டும்போல் இருக்கிறது. ஓட முடியாது, மோட்டார் ஓடுகிறது, இன்னும் நிரம்பவில்லை. மேலே என்ன பேசுகிறார்கள்? காலை ஊன்றாமல் நின்றுகொண்டே பேசுவார்களா, அவன் நாற்காலி போடுவானா, நாற்காலிகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிவிட்டோமே. சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா? சொன்னபிறகு லேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். லேசாக இல்லை. தாமோதரன் சார் ஏழு மணிக்கு நடைப்பயிற்சிக்கு இறங்குவார். அவரிடம் சொல்லும்போது முதல் வாக்கியம் என்ன? அவர் கேட்பார், ஏன் தம்பி. ஏன் தம்பிக்குப் பிறகு என்னென்ன கேட்பார். அம்மாவுக்கு என்ன சொல்வது. அம்மாவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், வேறு குழாயைத் திறந்து காட்டினால் போதும். எந்தக் குழாய்?

படியில் காலடி. லிஃப்ட் இருக்க, படியில் இறங்குகிறவன் சகாயம்தான். பனியனும் லுங்கியும், தலைமுடியைப் பின்னால் கட்டியிருக்கிறான், கையில் சணல் கயிறு ஒன்று இன்னும் இருக்கிறது. கடைசிப் படியில் நிற்கிறான்.

"அவங்க வந்து என்னைய சகாயம்னு கூப்பிட்டு மன்னிப்பு கேக்காங்கல. நான் சட்டகூட போடல. கையெடுத்துக் கும்பிடுத மாதிரி வாராங்க, நான் பெட்டிக்குப் பின்னால ஒளியுதேன்."

சிரிக்கலாமா என்று பார்க்கிறேன். அவன் சிரிக்கவில்லை.

"சகாயம், நான்..."

"சும்மா இருல. பன்னெண்டு நாளு. ஒவ்வொரு நாளும் இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னு பாத்தேன். நேத்து கயித்தப் பிடிக்கும்போது சொல்லுவன்னு நெனச்சேன். நீ என்னமோ நான் உனக்குத் தியாகம் பண்ணுதேன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருப்ப. அப்படில்லாம் இல்ல. உன்மேல கொலவெறில இருந்தேன்."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீ சொல்லணும்ல. நான் சொன்னா அது காட்டிக்கொடுக்குறது. நீ சொன்னாத்தான் அது சொல்றது."

அப்படியென்றால் அந்த ஒரு நொடி சொல்லு என்றுதான் இருந்தது. அவ்வளவு எளிமையாக. விரித்துப் பார்க்க அதில் வேறொன்றும் இல்லை. எனக்குக் காது சூடாகிறது.

"வண்டிக்காரனுக்கு வேண்டாம்னு போன் பண்ணட்டா?" என்கிறான்.

"வேண்டாம். வரட்டும். நான் போறேன்."

"எங்க போவ?"

"தெரியல."

இரு என்று சொல்லுவான் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்க்கிறேன், அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லவில்லை. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்கிறான். மேலே ஏதோ வீட்டில் குக்கர் விசில். தெருவில் பால்காரர் மணி. தரையைப் பார்த்துக்கொண்டே, "உன் புஸ்தகத்தெல்லாம் நான் கட்ட மாட்டேன், பாத்துக்க" என்கிறான்.

"நான் கட்டிக்கறேன்."

"மாமாகிட்ட மூணு வாரம்னு சொல்லுதேன். அதுக்கு மேல கேக்காத. அங்க போயி உம்முன்னு உக்காந்திருந்தன்னா அத்தை திட்டுவாங்க."

"மாமா என்ன கேப்பாரு?"

"என்னத்தக் கேப்பாரு? நீ ஏன்ல வந்தன்னு கேப்பாரு. அப்ப நடந்ததச் சொல்லு. முழுசா சொல்லு. என் பேர விட்டுட்டுச் சொல்லாத."

சரி என்கிறேன். தாமோதரன் சாரின் வீட்டுக் கதவு திறந்து மூடுகிறது, முதல் மாடியில் செருப்புச் சத்தம் கிளம்புகிறது. சகாயம் எழுந்திருக்கவில்லை, எனக்கு வழிவிடவும் இல்லை. அவர் இறங்கி வரும் வழியிலேயே, இரண்டாவது படியில், கால்களை மடக்கி உட்கார்ந்திருக்கிறான். என்னிடம் இப்போது முதல் வாக்கியம் எதுவும் இல்லை. பயம் இருக்கிறது, நேற்று இருந்த அளவே இருக்கிறது. செருப்புச் சத்தம் திருப்பத்துக்கு வந்துவிட்டது.

"சார், ஒரு நிமிஷம்" என்கிறேன்.